சுவரில் இரண்டு தட்டு

மெரிலேண்ட்ஸில் ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கிற தெருவில் ஒரு பழைய பலகை வீடு. முன்பக்கம் எலுமிச்சை மரம், பின்பக்கம் துணி காயப்போடுகிற கம்பி, நடுவில் ஆறு ஆண்பிள்ளைகள். ஒரே படகில் வந்து, ஒரே முகாமில் அடைபட்டு, ஒருவர் பின் ஒருவராக வெளியே விடப்பட்டவர்கள். அந்த வீட்டின் யன்னல்கள் சரியாகப் பூட்டாது. குளிர்காலத்தில் குசினிக்குள் தொப்பி போட்டுக்கொண்டுதான் சமைப்பார்கள். ஆனாலும் அந்த வீட்டைப் பற்றிக் கதைத்தால் ஸ்ரீகாந்தனின் முகம் இன்றைக்கும் மலரும். அதற்குப் பிறகு அவன் எத்தனையோ நல்ல வீடுகளில் சாப்பிட்டிருக்கிறான், படுத்திருக்கிறான். அவனுக்கு வீடு என்றால் அதுதான். யார் என்ன சொன்னாலும் அதில் மாற்றமில்லை.

அவனுக்கு விட்டுக்கொடுத்தது குசினிக்குப் பக்கத்துச் சின்ன அறை. காரணம் பிரிட்ஜ். அவனுடைய இன்சுலின் பிரிட்ஜ் கதவில், முட்டைக்கு மேல் தட்டில் இருக்கும். அதற்கு அடுத்த அறை நித்தியானந்தனுடையது. இரண்டு அறைகளுக்கும் நடுவில் மெல்லிய பலகைச் சுவர். இந்தப் பக்கம் இவன் புரண்டு படுத்தால் அந்தப் பக்கம் அவனுக்குத் தெரியும்.

ஸ்ரீகாந்தனுக்கு வந்தது வயது போனவர்களுக்கு வருகிற சீனி வருத்தம் அல்ல. வவுனியாவில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் ஒரு மாதத்துக்குள் உடம்பு வற்றி, தண்ணீர் தண்ணீர் என்று அலைந்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் விழுந்தான். உடம்பு இன்சுலினைச் சுரப்பதையே நிறுத்திவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு ஒரு ஊசி, படுக்கைக்கு ஒரு ஊசி. ஊசி கூடினாலோ சாப்பாடு குறைந்தாலோ சீனி இறங்கிவிடும். இறங்கினால் முதலில் கை நடுங்கும், வியர்க்கும், பசிக்கும். அது உடம்பு கொடுக்கிற எச்சரிக்கை. வருடக்கணக்காக இறங்கி ஏறினவனுக்கு அந்த எச்சரிக்கையும் மெல்ல மெல்ல வராமல் போய்விடும். ஸ்ரீகாந்தனுக்கு அப்படித்தான் போய்விட்டது. கதைத்துக்கொண்டே இருப்பான், நடுவில் கண் எங்கேயோ போய்விடும். நித்திரையில் இறங்கினால் அவனுக்கே தெரியாது.

நித்தி அவனுக்குச் சிநேகிதனானதும் இந்த மருந்தால்தான். படகில் ஸ்ரீகாந்தன் இன்சுலின் குப்பிகளை ஈரத்துணியில் சுற்றி ஒரு போத்தலுக்குள் வைத்து, மடியை விட்டு இறக்காமல் வைத்திருந்தான். அடிக்கடி மூடியைத் திறந்து பார்ப்பான். நித்தி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"என்னடா மச்சான், தனிய வைச்சுக் குடிக்கிறாய். எங்களுக்கும் ஒரு வாய் தந்தால் குறைஞ்சு போவியோ?"

"இது குடிக்கிறதில்லையடா. குத்துறது."

நித்தி போத்தலுக்குள் எட்டிப் பார்த்தான். அன்று மாலை தன் பங்குக் குடிதண்ணீரில் கொஞ்சத்தை அந்தத் துணியில் ஊற்றினான். அதற்கு ஸ்ரீகாந்தன் நன்றி சொன்னதாக நினைவில்லை. ஆண்பிள்ளைகள் இப்படியானவற்றுக்கு நன்றி சொல்லுவதில்லை.

கரை தெரிந்தபோது படகில் இருந்த ஒரு பெரியவர் அவனைக் கூப்பிட்டு, "தம்பி, ஊசி போடுறதை மறைக்கேலாது. மயக்கம் வாறதைச் சொல்லிப்போடாதை. வருத்தக்காரனைத் திருப்பி அனுப்புவாங்கள்" என்றார். அவருக்கு அதை யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் சொல்லப்படுகிறது எல்லாம் சட்டம் போலத்தான் கேட்கும். முகாமில் வைத்தியர் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கேட்டார்: சீனி இறங்கி நினைவு தப்பினது உண்டா? ஸ்ரீகாந்தன் சொன்னான்: "இல்லை. ஒருநாளும் இல்லை."

அந்த ஒரு சொல்தான் இந்தக் கதை முழுவதும் அவனுடைய கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மெரிலேண்ட்ஸ் வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் விடியற்காலையில் அது நடந்தது. நித்தி பாண் செய்கிற பெரிய பேக்கரி ஒன்றில் வேலை. எல்லோருக்கும் முன்பு எழும்புகிறவன் அவன்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ முனகல் கேட்டுப் போய்ப் பார்த்தால், ஸ்ரீகாந்தன் குளித்துவிட்டு வந்து படுத்தவன் மாதிரி நனைந்து கிடக்கிறான். கண் திறந்திருக்கிறது, ஆளைத் தெரியவில்லை. வீடு முழுவதும் எழும்பிவிட்டது. அம்புலன்சைக் கூப்பிடுவோம் என்றான் ஒருவன். அம்புலன்ஸ் வந்தால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் பதிவார்கள், பதிந்தால் விசா போய்விடும் என்றான் இன்னொருவன். இவர்கள் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருக்க, நித்தி குசினிக்குள் ஓடிப்போய் ஜாம் போத்தலை எடுத்துவந்து, விரலால் அள்ளி அவனுடைய பல் முரசில் தேய்த்தான். திரும்பத் திரும்பத் தேய்த்தான். கொஞ்ச நேரத்தில் ஸ்ரீகாந்தன் விழுங்கினான். பிறகு முதல் வார்த்தையாக, "ஆற்றை ஜாம் இது?" என்று கேட்டான்.

"என்ர. விலையான ஜாம். போத்தில் வாங்கித் தா" என்றான் நித்தி.

அடுத்த விடியற்காலையில், வேலைக்கு வெளிக்கிட முதல், நித்தி சுவரில் இரண்டு தரம் தட்டினான். ஸ்ரீகாந்தன் நித்திரைக் கலக்கத்தோடு திரும்ப இரண்டு தரம் தட்டினான். அவ்வளவுதான். யாரும் பேசி வைத்த ஏற்பாடு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு காலையும் தவறவில்லை. திரும்பத் தட்டு கேட்டால் நித்தி காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போவான். கேட்காவிட்டால் ஜாம் போத்தலோடு உள்ளே வருவான். பேக்கரியில் லீவு நாளிலும் அந்த நேரத்துக்கு எழும்பித் தட்டிவிட்டுத் திரும்பப் படுப்பான்.

வீட்டில் மற்றவர்கள் விடுவார்களா? "புதுமாப்பிள்ளை பொம்பிளையை எழுப்புறார்" என்பான் சிறிதரன். "கோயில் மணி அடிச்சாச்சு, எழும்புங்கோ" என்பான் இன்னொருவன். அந்தக் கேலிகள் எல்லாம் இன்றைக்கு நினைத்தால் தேன் மாதிரி.

அந்தக் காலத்தில் அந்த வீட்டுக்கென்று ஒரு விதி இருந்தது. முதலில் சொன்னதை மாற்றக்கூடாது. இது விளையாட்டு விதி இல்லை. அவர்களோடு இருந்த கஜீவன் விசா விசாரணையில் தகப்பன் காணாமல்போன மாதத்தை முதலில் ஒரு மாதிரியும் பிறகு வேறு மாதிரியும் சொல்லிவிட்டான். துக்கத்தில் மாதம் நினைவிருக்குமா? ஆனால் சொல் மாறிவிட்டது, ஆகவே நம்ப முடியாது என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். கஜீவன் அதற்குப் பிறகு மனம் உடைந்து வேறு இடம் போய்விட்டான். அன்றிலிருந்து மற்ற ஐந்து பேரும் வெங்காயம் உரிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் ஒருவனை ஒருவன் விசாரித்துப் பழகினார்கள். எந்த வீதி, எத்தனை மணி, யார் கூட வந்தது. அது அவர்களுடைய இரத்தத்தில் ஊறிவிட்டது. முட்டை காணாமல்போனால்கூட, "முதல் விசாரணையில ஒரு முட்டைதான் சாப்பிட்டனான் எண்டு சொன்னனீ, இப்ப என்ன ரெண்டு எண்டுறாய்?" என்று பிடித்துக்கொள்வார்கள். சிரித்துச் சிரித்து வயிறு நோகும். சிரிப்புக்கு அடியில் பயம் இருந்தது.

ஸ்ரீகாந்தனுக்கு ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கைவிரிப்புத் தோய்க்கிற பெரிய லோன்றியில் வேலை கிடைத்தது. சூடாக வருகிற வெள்ளைத் துணிகளை மடித்து அடுக்குகிற வேலை. ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு விரிப்புப் போகிற வழியெல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனால் தன்னுடைய கிளினிக்குக்குப் போனால் மட்டும் வாய் பூட்டு. ஒவ்வொரு முறையும் கேட்பார்கள்: சீனி இறங்கி மயங்கினீர்களா? ஒவ்வொரு முறையும் அதே சொல்: "இல்லை. ஒருநாளும் இல்லை." இரத்தப் பரிசோதனையின் மூன்று மாதச் சராசரியும் நல்லதாகவே வரும். ஏறினதையும் இறங்கினதையும் கூட்டிப் பிரித்தால் நடுவில் நிற்கும்தானே. வைத்தியர்கள் முதுகில் தட்டி, மிகவும் நல்லது என்று அனுப்பிவிடுவார்கள். அந்தப் பாராட்டோடு வீட்டுக்கு வந்து, விடிய ஜாம் நக்குவான்.

காலம் ஓடியது. வீடு மெல்ல மெல்லக் காலியானது. சிறிதரன் கலியாணம் கட்டிப் போனான். மற்றவர்கள் வேலை கிடைத்த இடங்களுக்குப் போனார்கள். இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டில் நிரந்தர விசா கிடைத்தபோது அந்த வீட்டில் மிஞ்சி இருந்தது நித்தியும் ஸ்ரீகாந்தனும்தான். அன்று இரண்டு பேரும் எலுமிச்சை மரத்துக்குக் கீழே கதிரை போட்டு இருந்துகொண்டு தேத்தண்ணி குடித்தார்கள். பிறகு நித்தி உள்ளே போய், ஊரில் இருந்த மனைவி சஜிதாவுக்குத் தொலைபேசி எடுத்து அழுதான். சுவர் மெல்லியது, இவனுக்கு எல்லாம் கேட்டது.

சஜிதாவும் மகள் வர்ஷாவும் வந்து சேர்ந்தார்கள். சஜிதாவின் அண்ணன் மெல்பேர்னில், கிரெய்கிபர்னில் இருக்கிறார். அவர் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்துக்கொடுத்தார், பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் பார்த்துக்கொடுத்தார். நித்தியும் போவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் போகவில்லை. பேக்கரியில் இருந்து கிடைக்க வேண்டிய லீவுக் காசு இருக்கிறது, அது வரட்டும் என்றான். பிறகு, அங்கே வேலை உறுதியாகட்டும் என்றான். மாதத்தில் ஒரு தடவை பஸ்ஸில் விடிய விடியப் போய், ஒரு நாள் நின்று, திரும்பி வருவான். அவன் போகிற அந்த நாட்களில் ஸ்ரீகாந்தன் பயத்தில் ஊசியைக் குறைத்துப் போடுவான். சீனி ஏறி, நாக்கு உலர்ந்து கிடப்பான். அதை நித்திக்குச் சொல்லமாட்டான்.

அப்படி இருக்கையில்தான் கிளினிக்குக்குப் புதிதாக ப்ரீத்தி என்ற தாதி வந்தாள். தமிழ்நாட்டுப் பிள்ளை, கோயம்புத்தூர்ப் பக்கம். நீரிழிவுக்காரருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவளுடைய வேலை. முதல் சந்திப்பிலேயே, "மொழிபெயர்ப்பாளர் வேணாம்னா நாமளே தமிழ்ல பேசிக்கலாம் அண்ணா" என்றாள். அவனுடைய கையின் பின்பக்கத்தில் ஒரு காசு அளவு சென்சரை ஒட்டிவிட்டாள். அது சத்தம் போடாது, இரவும் பகலும் சீனியைப் பதிந்து மட்டும் வைக்கும். இரண்டு கிழமை கழித்து அதைக் கழற்றிக் கணினியில் பார்த்தவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"அண்ணா, தூங்கும்போது ரொம்ப கீழ போகுது. ஒரு தடவை இல்ல, பல தடவை. உங்களுக்குத் தெரியுதா?"

"இல்லை. ஒருநாளும் இல்லை."

"காலைல வேர்த்துப்போய் எழுந்திருக்கீங்களா? யாராவது உங்கள எழுப்பியிருக்காங்களா?"

"இல்லைத் தங்கச்சி. நான் அந்தக் கையில சரிஞ்சு படுக்கிறனான். அதுதான் உங்கட மிசின் பிழையாக் காட்டுது."

ப்ரீத்தி அவனை உற்றுப் பார்த்தாள். சென்சர் இருக்கிற கையை அழுத்திப் படுத்தால் சில வேளை இல்லாத இறக்கத்தைக் காட்டும் என்பது உண்மைதான். அதை எங்கேயோ கேட்டு வைத்திருந்து நேரம் பார்த்து எடுத்துவிட்டான்.

அவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள். இன்சுலின் பம்ப் என்று ஒன்று இருக்கிறது. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வழியாக நாள் முழுவதும் துளித் துளியாக இன்சுலினை விடும். சென்சரோடு சேர்ந்து, சீனி இறங்கப் போகிறது என்று தெரிந்தால் தானே நிறுத்திக்கொள்ளும், சத்தம் போட்டு எழுப்பும். தனியார் காப்புறுதி வைத்திருப்பவர்களுக்கு அது இலேசாகக் கிடைக்கும். இல்லாதவர்களுக்கு இந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் கொஞ்சம்தான் இருக்கிறது. ஆகவே யாருக்கு மிகவும் ஆபத்தோ அவர்களுக்கு முதலில் கொடுக்கிறார்கள்.

"மயக்கம் வர்றது உண்மைன்னா உங்க பேரை மேல வைக்கலாம். மிஷின் சொல்றது மட்டும் போதாது அண்ணா, நீங்க சொல்லணும். நீங்க இல்லைன்னு சொன்னா அடுத்த ஆளுக்குத்தான் போகும்."

"அடுத்த ஆளுக்குக் குடுங்கோ" என்றான் ஸ்ரீகாந்தன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தான். விசா கையில் இருக்கிறது. யாரும் அனுப்பப் போவதில்லை. அதெல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனால் சொன்னதை மாற்று என்று ஒருவர் முன்னால் இருந்து கேட்டவுடன், அந்த விசாரணை அறையும் கஜீவனின் முகமும்தான் வந்தன. இன்னொன்றும் இருந்தது. அதை அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை. பம்ப் வந்துவிட்டால் சுவரில் தட்ட யாரும் தேவையில்லை.

கொஞ்ச நாளில் சஜிதா அவனுக்குத் தொலைபேசி எடுத்தாள். நித்தி வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் எடுத்தாள்.

"அண்ணை, சாப்பிட்டாச்சோ?"

"ஓம் பிள்ளை. நீங்கள்?"

"நாங்களும் சாப்பிட்டம். அண்ணை, இவர் ஏன் வாறாரில்லை?"

"லீவுக் காசு வரேல்லையாம். அங்கை வேலையும்..."

"அண்ணை, அவர் அதைத்தான் சொல்லச் சொன்னவர் எண்டால் நீங்கள் அதைச் சொல்லுவியள். நீங்கள் ரெண்டு பேரும் முதல் சொன்னதை மாத்தமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும். போன முறை வந்தவர் விடியக்காலமை நித்திரையில சுவரில தட்டினவர். இஞ்ச அந்தப் பக்கம் குளியலறை. பிள்ளை பயந்துபோச்சு. நான் உங்களைக் குறை சொல்லேல்லை அண்ணை. அந்தச் சுவரையும் கழட்டிக்கொண்டு நீங்களும் இஞ்ச வந்திடுங்கோ. இல்லாட்டி அவரை விடுங்கோ. பிள்ளை தகப்பனைக் கேக்குது."

அவன் "ஓம் பிள்ளை" என்று மட்டும் சொன்னான். தொலைபேசியை வைத்துவிட்டு, குசினிக்குள் போய், நித்தியின் ஜாம் போத்தலை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனையாவது போத்தல் என்று அவனுக்கே தெரியாது. நித்தி ஜாம் சாப்பிடுகிறவன் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பேக்கரியிலிருந்து எத்தனை பாண் கொண்டுவந்திருப்பான், எல்லாவற்றையும் சம்பலோடுதான் சாப்பிடுவான்.

அடுத்த கிழமை கூப்பிடாமலே கிளினிக்குக்குப் போனான். ப்ரீத்தி மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள்.

"தங்கச்சி, ஒரு கதை கேக்கவேணும். ஒராள் முந்திச் சொன்னதை மாத்திச் சொன்னால் இஞ்ச என்ன செய்வியள்?"

"என்ன செய்வோம்? மாத்தி எழுதுவோம்."

"அவ்வளவுதானோ? பொய்யன் எண்டு பதியமாட்டியளோ?"

"இங்க வர்றவங்க பாதிப் பேரு மாத்தி மாத்தித்தான் அண்ணா சொல்லுவாங்க. முதல்ல இனிப்பே சாப்பிடலம்பாங்க. அப்புறம் லட்டுன்னு ஒத்துக்குவாங்க." அவள் பெட்டியை மூடி வைத்தாள். "நீங்க சொல்லுங்க."

ஸ்ரீகாந்தன் கதிரையில் நிமிர்ந்து இருந்தான். கைகளை முழங்காலில் வைத்தான். அந்த விசாரணை அறையில் எப்படி இருந்தானோ அப்படியே. முழுப்பெயரையும் பிறந்த இடத்தையும் சொல்லித் தொடங்கினான். அதெல்லாம் வேண்டாம் என்று ப்ரீத்தி சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். படகு, பெரியவர், முகாம் வைத்தியர், முதல் சொன்ன "இல்லை". பிறகு நனைந்து கிடந்த காலை, ஜாம், சுவர். சொல்லச் சொல்ல அவனுக்கு உடம்பு வியர்த்தது. இது சீனி இறங்கின வியர்வையோ என்று அவள் எழும்பி விரலில் குத்திப் பார்த்தாள். சீனி சரியாக இருந்தது.

"மயக்கம் வாறது" என்றான் கடைசியில். "கனதரம். எத்தினை எண்டு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியிறேல்லை, அதுதான் வருத்தமே. நித்தியைத்தான் கேக்கவேணும்."

ப்ரீத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அந்த நித்தி அண்ணாவ அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க" என்றாள்.

பம்ப் உடனே கிடைத்துவிடவில்லை. பெயர் மேலே போனது. ஆனாலும் முறை வரவேண்டும். அதற்குள் இரண்டு பேரும் வகுப்புக்குப் போனார்கள். வகுப்பு என்றால் ஆஸ்பத்திரியின் சின்ன அறையில் ஏழெட்டுப் பேர். எந்தச் சாப்பாட்டில் எவ்வளவு மாச்சத்து இருக்கிறது என்று படிக்க வேண்டும்; அதைப் பம்புக்குச் சொன்னால்தான் அது சாப்பாட்டுக்கு அளந்து விடும். சொல்லிக்கொடுத்த பெண் பாண் துண்டையும் உருளைக்கிழங்கையும் படத்தில் காட்டினாள். நித்தி கையைத் தூக்கினான். "புட்டுக்கு எப்பிடி?" என்று ப்ரீத்தியிடம் கேட்டான். வீட்டிலிருந்து கொண்டுவந்து தராசில் நிறுத்துப் பார்ப்போம் என்று முடிவானது. அடுத்த முறை நித்தி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் ஒரு வாளி கொண்டுபோனான். நிறுத்த பிறகு முழு வகுப்பும் அதைச் சாப்பிட்டது. குழம்பு உறைத்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் பம்பைத் தட்டிக் காட்டி, இதற்கு என்ன அளவு போடுவது என்று கண்ணீரோடு கேட்டார்.

முறை வந்த நாளில் ஸ்ரீகாந்தனுடைய வயிற்றில் சின்னக் குழாயைப் பொருத்தி, சின்னத் தொலைபேசி அளவிலான பம்பை இடுப்பில் செருகிவிட்டார்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை குழாயை மாற்ற வேண்டும். மாற்றுவதை நித்தியும் பழகினான். முதல் சில நாட்கள் அது தொட்டதற்கெல்லாம் கத்தியது. குழாய் மடிந்தாலும் கத்தும், மின்கலம் இறங்கினாலும் கத்தும். ஒவ்வொரு கத்தலுக்கும் நித்தி ஜாமோடு ஓடிவந்தான். பிறகு ப்ரீத்தி அளவுகளைத் திருத்தினாள். பம்ப் அமைதியானது. சீனி இறங்கத் தொடங்கினால் அது தானாகவே நிறுத்திக்கொண்டது. விடிய எழும்பினால் உடுப்பு உலர்ந்திருந்தது. தலை பாரமில்லை. இவ்வளவு காலமும் காலைகள் இப்படித்தான் மற்றவர்களுக்கு இருந்திருக்கின்றனவா என்று ஸ்ரீகாந்தன் அதிசயப்பட்டான்.

நித்தி மட்டும் அசையவில்லை. அதே நேரத்துக்குத் தட்டினான். பதில் கேட்ட பிறகே போனான்.

"இனி நீ போகலாமடா" என்றான் ஸ்ரீகாந்தன்.

"பாப்பம்."

"என்ன பாக்கிறது? மிசின் பாக்குதுதானே."

"மிசின் படகில வந்ததோ? அதுக்கு உன்னைப் பற்றி என்ன தெரியும்?"

"சஜிதா என்ன சொன்னவ தெரியுமோ?"

"அவ சொல்லுவா. லீவுக் காசு வரட்டும்."

முதல் சொன்னதை அவனும் மாற்றமாட்டான். அதே வீடு, அதே விதி.

அதனால் ஒருநாள் காலை ஸ்ரீகாந்தன் ஒரு வேலை செய்தான். தட்டு வருவதற்கு முன்பே விழித்துவிட்டான். யன்னலில் எலுமிச்சை மரம் மங்கலாகத் தெரிந்தது. பம்பை எடுத்துப் பார்த்தான். சீனி நல்ல இடத்தில் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது, கால் ஊன்றியது, தட்டுக் கேட்டது. இரண்டு தரம். ஸ்ரீகாந்தனின் கை தானாக எழும்பியது. அதை மற்றக் கையால் பிடித்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டான். திரும்பவும் தட்டுக் கேட்டது, இம்முறை பலமாக. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். வாழ்க்கையில் அவன் செய்த எந்த வேலையும் அவ்வளவு பாரமாக இருந்ததில்லை, அது உண்மை.

கதவு அடித்துத் திறந்தது. நித்தி ஜாம் போத்தலோடு நின்றான். மூடி ஏற்கனவே திறந்திருந்தது. ஸ்ரீகாந்தன் கட்டிலில் எழும்பி இருந்து அவனைப் பார்த்தான்.

"ஏன்டா தட்டேல்லை?"

"நித்திரையில்லை. முழிச்சுத்தான் இருந்தனான்."

"அப்ப ஏன்டா தட்டேல்லை?"

"இனித் தட்டமாட்டன்."

நித்திக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் போத்தலைச் சுவரோடு எறிவான் போல நின்றான். எறியவில்லை.

"நீயெல்லாம் ஒரு மனிசனோ? என்ர நெஞ்சு நிண்டு போச்சு."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டும்..."

"நாளைக்கும் தட்டமாட்டன். நாளையிண்டைக்கும் தட்டமாட்டன். நீ எத்தினை நாள் இப்பிடிப் பாய்ஞ்சு வருவாய்? வர்ஷா அங்கை தகப்பனைக் கேக்குது. எழும்பின உடன அவள்ர கதவில போய்த் தட்டடா. போ."

நித்தி வேலைக்குப் போனான். சொல்லிக்கொள்ளாமல் போனான். நாலைந்து நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. குசினியில் ஒருவன் சமைத்து மூடி வைப்பான், மற்றவன் எடுத்துச் சாப்பிடுவான். உப்புக் கூடினால்கூட யாரும் சொல்லவில்லை. பிறகு ஒரு பின்னேரம் நித்தி பெரிய பெட்டியைக் கட்டிலில் திறந்து வைத்துக்கொண்டு, "இந்தப் போர்வை ஆற்றை, உன்ரையோ என்ரையோ?" என்று கேட்டான்.

"முதல் விசாரணையில உன்ர எண்டுதான் சொன்னனான்" என்றான் ஸ்ரீகாந்தன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவர்கள் திடீரென்று நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்த வீட்டைப் பிறகு சொந்தக்காரர் எடுத்துக்கொண்டார். ஸ்ரீகாந்தன் நார்த்மீட்டில் ஒரு குடும்பத்தின் பின்வளவில் இருக்கிற சின்ன வீட்டுக்கு மாறினான். செங்கல் சுவர், தட்டினால் கைதான் நோகும். காலையில் தானே எழும்பித் தேத்தண்ணி போட்டு, லோன்றிக்கு நடந்து போகிறான். கார் ஓட்டப் பழகவும் தொடங்கியிருக்கிறான். மயக்கக்காரன் ஸ்டியரிங் பிடிக்கக்கூடாது என்று இவ்வளவு காலமும் அதற்குப் பக்கத்தில் போகாதவன். கிளினிக்கில் புதிதாகப் பம்ப் பூட்டுகிறவர்களில் தமிழர் யாராவது இருந்தால் ப்ரீத்தி அவனுக்குச் சொல்லுவாள். அவன் போய்ப் பக்கத்தில் இருந்து, பயப்படாதேங்கோ, கத்தினாலும் கடிக்காது என்பான்.

வர்ஷாவின் பிறந்தநாளுக்கு அவன் கிரெய்கிபர்னுக்குப் போனான். புது வீடு, புது மணம். குசினியில் சஜிதா. அவனுக்கென்று ஒரு அறை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தாள். பம்பின் குழாய்கள் வைக்க மேசையைக்கூட ஒதுக்கியிருந்தாள். அன்று எல்லோரும் பழைய வீட்டுக் கதைகளைத்தான் கதைத்தார்கள். வர்ஷாவுக்கு முட்டைக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

விடியற்காலையில் ஸ்ரீகாந்தன் விழித்தான். பழக்கம். பம்பைத் தொட்டுப் பார்த்தான். சீனி சரியாக இருந்தது. புது வீட்டில் குழாய் எங்கேயோ சொட்டிக்கொண்டிருந்தது. அப்போது தலைமாட்டுச் சுவரில் தட்டுக் கேட்டது. இரண்டு தரம், மெதுவாக.

குளியலறைப் பக்கத்தை விட்டு மற்றப் பக்கத்தில் சஜிதா அவனுக்கு எந்த அறையைக் கொடுத்திருக்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தான். பிறகு கையை நீட்டி இரண்டு தரம் தட்டினான்.

அந்தப் பக்கத்திலிருந்து சஜிதாவின் நித்திரைக் குரல் கேட்டது. "ரெண்டு பேருக்கும் விசர் பிடிச்சிருக்கு. படுங்கோ."